செல்போனுக்குள் நடக்கும் 'ராகிங்': பயந்து மறைக்கும் மாணவ-மாணவிகள், முதல் நாளே செய்ய வேண்டியது என்ன?

முன்பெல்லாம் கூடப்படிக்கும் ஒருவரை அசிங்கப்படுத்த நினைத்தால் பள்ளிக்கூட கழிவறை சுவரில் கரித்துண்டால் எழுதி வைப்பார்கள். இன்னார், இன்னார் என்று இரண்டு பெயர். நடுவில் ஒரு கூட்டல் குறி. பார்த்தவர்கள் சிரிப்பார்கள். தலைமை ஆசிரியர் பிரம்பை எடுப்பார். அடுத்த லீவில் சுண்ணாம்பு அடித்து விட்டால் விஷயம் முடிந்தது.

இப்போது அந்த சுவர் செல்போனுக்குள் வந்து விட்டது. சுண்ணாம்பு அடிக்கத்தான் ஆள் இல்லை. சாயங்காலம் மணி அடித்து வீட்டுக்கு வந்தாலும் கேலி கூடவே வருகிறது. ராத்திரி 11 மணிக்கு தலையணைக்கு அடியில் போன் 'டிங்' என்கிறது. எடுத்துப் பார்த்தால் கிளாஸ் குரூப்பில் தன் முகத்தை வைத்து ஒரு மீம். கீழே 40 பேரின் சிரிப்பு பொம்மை.

இதைத்தான் 'சைபர் புல்லியிங்' என்கிறார்கள். பெயர் புதுசு. சமாசாரம் பழசுதான். நாலு பேர் சேர்ந்து ஒருத்தரை மூலையில் தள்ளி மிதிப்பது. முன்பு மிதித்தவன் முகம் தெரிந்தது. இப்போது 'ஃபேக் ஐ.டி.' என்ற முகமூடி இருக்கிறது.

கேலியா, கொடுமையா?

நண்பர்களுக்குள் கலாய்ப்பது, ஓட்டுவது எல்லாம் எப்போதும் உண்டு. அதையெல்லாம் போலீசுக்கு கொண்டு போக முடியாது, வேண்டியதும் இல்லை. 'போதும்டா, நிறுத்து' என்று சொன்னால் நிறுத்தி விட்டால் அது கேலி. சொன்ன பிறகும் விடாமல் துரத்தினால், பத்து பேரை சேர்த்துக் கொண்டு செய்தால், பயமுறுத்தினால் அது வேறு கணக்கு.

நிறம், உடம்பு, நடை, குரலை வைத்து படம் போடுவது. சாதியை சொல்லி ஸ்டேட்டஸ் வைப்பது. ஒரு மாணவியின் பெயரில் போலி கணக்கு தொடங்கி கண்டவர்களோடு பேசுவது. அவர் நம்பரை ஆபாச குரூப்புகளில் போட்டு விடுவது. எல்லோரையும் குரூப்பில் சேர்த்து ஒருவரை மட்டும் வேண்டுமென்றே வெளியே தள்ளி, அவரைப் பற்றியே பேசுவது. கல்லூரிகளின் பெயரில் மாணவர்களே நடத்தும் 'கன்ஃபெஷன் பேஜ்'களில் பெயர் போடாமல் ஒருவரை நாறடிப்பது. எல்லாம் இதில் அடக்கம்.

இதில் மோசமானது போட்டோ விவகாரம். முகத்தை வெட்டி வேறு உடம்பில் ஒட்டும் 'மார்பிங்' வேலைக்கு முன்பு கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் தேவைப்பட்டான். இன்று ஏ.ஐ. செயலியில் ஒரு சாதாரண போட்டோவை கொடுத்தாலே நிர்வாண படமாக மாற்றித் தருகிறது. 'நான் ஒரு தப்பும் பண்ணலையே, எனக்கு ஏன் வரப் போகுது' என்று யாரும் இருந்து விட முடியாது. பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த குரூப் போட்டோவே போதும்.

சேலத்தில் நடந்தது

2016-ம் ஆண்டு ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில் நடந்த சம்பவம் தமிழ்நாட்டையே உலுக்கியது. 21 வயது பட்டதாரி பெண் ஒருவரின் முகத்தை மார்பிங் செய்து பேஸ்புக்கில் ஆபாச படம் வெளியானது. குடும்பத்தினர் போலீசில் புகார் கொடுத்தனர். நாட்கள் ஓடின. படம் உடனே அகற்றப்படவில்லை. விசாரிக்க வேண்டிய பிரிவில் இருந்த ஏட்டு ஒருவர், பெண்ணின் தந்தையிடம் செல்போனை லஞ்சமாக வாங்கியதாக பின்னர் தெரிய வந்தது.

அதற்குள் அந்த பெண் உயிரை விட்டு விட்டார்.

அவர் எழுதி வைத்த கடிதத்தில் படம் போட்டவனை விட பெரிய வேதனை ஒன்று இருந்தது. பெற்றோரே தன்னை நம்பவில்லையே என்பதுதான் அது. பிறகு ஒரு வாலிபர் கைது செய்யப்பட்டார். பெண் கேட்டு மறுக்கப்பட்ட ஆத்திரத்தில் இப்படி செய்ததாக போலீஸ் தரப்பில் கூறப்பட்டது. ஏட்டு மீது நடவடிக்கை பாய்ந்தது. மாவட்ட போலீஸ் சூப்பிரண்டு பகிரங்கமாக மன்னிப்பு கேட்டார். மன்னிப்பு கேட்டு என்ன செய்ய?

இந்த சம்பவத்தில் மூன்று கதவுகள் ஒன்றன் பின் ஒன்றாக மூடின. வீடு நம்பவில்லை, போலீஸ் அவசரப்படவில்லை, படமும் இறங்கவில்லை. இதில் ஒரு கதவு திறந்திருந்தாலும் கதை மாறியிருக்கலாம். போலீஸ் தரப்பில் அதன் பிறகு எவ்வளவோ மாற்றம் வந்து விட்டது. இன்று மாவட்டத்துக்கு மாவட்டம் சைபர் கிரைம் போலீஸ் நிலையம் இருக்கிறது. வீட்டுக்கதவு திறந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

'சொன்னா போனை பிடுங்கிடுவாங்க'

மாணவ-மாணவிகள் வீட்டில் சொல்லாமல் மறைப்பதற்கு மிரட்டுகிறவன் மேல் உள்ள பயம் மட்டும் காரணம் இல்லை. வீட்டின் மேல் உள்ள பயம்தான் பெரிசு. 'உனக்கு எதுக்கு இன்ஸ்டாகிராம்?', 'நீ இடம் கொடுக்காம அவன் எப்படி பேசுவான்?' என்று முதல் கேள்வியே குற்றவாளியை விசாரிப்பது போல வரும். அடுத்து போனை பிடுங்குவார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்க்கக்கூட கிளம்பி விடுவார்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு வேறு சிக்கல். 'ஆம்பளைப் பையன் இதுக்கெல்லாம் அழுவியா?' என்பார்கள். அவனையும் கூட்டமாக சேர்ந்து கேவலப்படுத்துகிறார்கள், அவன் படத்தையும் வைத்து பணம் பறிக்கிறார்கள் என்பது பலருக்கு தோன்றுவதே இல்லை.

மிரட்டுகிறவனுக்கு இது நன்றாக தெரியும். 'உங்க அப்பாவுக்கு அனுப்பிடுவேன்' என்பதுதான் அவன் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். அப்பாவுக்கு முதலிலேயே தெரிந்து விட்டால் அந்த ஆயுதம் புஸ்வாணம் ஆகி விடும்.

வீட்டில் சொல்ல முடியாது என்றால் சித்தி, மாமா, அண்ணன், டீச்சர், பக்கத்து வீட்டு அக்கா என்று பெரியவர் ஒருவரிடமாவது அன்றைக்கே சொல்லி விட வேண்டும். 'நாளைக்கு பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போடும் ஒவ்வொரு நாளும் அவனுக்குத்தான் லாபம்.

அழிக்காதே, பதில் சொல்லாதே

அசிங்கமான மெசேஜ் வந்ததும் கை தானாக 'டெலிட்'டுக்கு போகும். அதுதான் தப்பு. அந்த மெசேஜ்தான் சாட்சி. கோபத்தில் நாமும் நாலு கெட்ட வார்த்தை திட்டி அனுப்பினால், நாளைக்கு அவன் அதை மட்டும் காட்டி 'இவங்களும்தான் திட்டினாங்க' என்பான்.

முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். அதில் தேதி, நேரம், அனுப்பிய நம்பர் அல்லது கணக்கின் முழு பெயர் தெரிய வேண்டும். இன்ஸ்டாகிராமில் மேலே தெரியும் பெயரை நிமிஷத்தில் மாற்றி விடலாம் என்பதால், அந்த கணக்கின் 'லிங்க்'கையும் காப்பி செய்து வைத்துக் கொள்வது அவசியம். படம் எந்த பக்கத்தில் இருக்கிறதோ அந்த பக்கத்தின் முகவரியும் தேவை. சைபர் கிரைம் போலீசார் முதலில் கேட்பது இதைத்தான்.

ஸ்னாப்சாட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் எதிராளிக்கு தகவல் போய் விடும். அந்த மாதிரி இடத்தில் வீட்டில் இருக்கும் இன்னொரு போனால் திரையை போட்டோ எடுக்கலாம். வாட்ஸ்அப்பில் 'தானாக மறையும் மெசேஜ்' போட்டிருந்தால் 24 மணி நேரத்திலேயே காணாமல் போகலாம். தாமதம் கூடாது.

சாட்சி எடுத்த பிறகுதான் 'ரிப்போர்ட்', 'பிளாக்' எல்லாம். வாட்ஸ்அப்பில் ஒருவரை ரிப்போர்ட் செய்தால் அவர் கடைசியாக அனுப்பிய 5 மெசேஜ்கள் கம்பெனிக்கு போகும். அப்போது 'பிளாக் செய்து சாட்டை அழிக்கவா?' என்று கேட்கும் கட்டத்தில் டிக் இருந்தால், நம் கையில் உள்ள சாட்சியும் சேர்ந்து போய் விடும். அவசரத்தில் பலர் ஏமாறுவது இங்கேதான்.

கூடப்படிக்கிறவனை பிளாக் செய்தால் மறுநாள் வகுப்பில் பிரச்சினை பண்ணுவான் என்ற பயம் இருந்தால் இன்ஸ்டாகிராமில் 'ரெஸ்ட்ரிக்ட்' என்று ஒரு வசதி இருக்கிறது. அதைப் போட்டால் அவன் எழுதும் கமெண்ட் அவனுக்கு மட்டும்தான் தெரியும். நாம் மெசேஜை படித்தோமா, இல்லையா என்பதும் அவனுக்கு தெரியாது. கத்திக் கத்தி அலுத்துப் போவான். வாட்ஸ்அப்பில் 'என்னை யார் குரூப்பில் சேர்க்கலாம்' என்ற இடத்தில் தெரிந்தவர்கள் மட்டும் என்று மாற்றி வைத்தால் முன்பின் தெரியாதவன் குரூப்பில் இழுத்துப் போட முடியாது.

போட்டோவை காட்டி மிரட்டினால்

'பணம் அனுப்பு, இல்லாவிட்டால் படத்தை விடுவேன்' என்றாலும் சரி, 'இன்னொரு படம் அனுப்பு' என்றாலும் சரி, ஒன்றையும் கொடுக்கக் கூடாது. 500 ரூபாய் கொடுத்தால் படத்தை அழித்து விடுவான் என்று நம்புவது, கடன்காரனுக்கு வட்டி கட்டி அசல் தீரும் என்று நினைப்பது போல. தீராது.

படம் பரவாமல் தடுக்க ஒரு வழி இருக்கிறது, பலருக்கு தெரியாது. 18 வயதை தாண்டியவர்களுக்கு 'ஸ்டாப் என்.சி.ஐ.ஐ.' என்ற இலவச வெப்சைட். 18 வயதுக்கு முன் எடுத்த படம் என்றால் 'டேக் இட் டவுன்'. இரண்டிலும் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியது இல்லை. நம் போனில் உள்ள படத்துக்கு கைரேகை போல ஒரு எண்ணை மட்டும் உருவாக்கி எடுத்துக் கொள்கிறது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற கம்பெனிகள் அந்த எண்ணோடு ஒத்துப் போகும் படத்தை தங்கள் தளத்தில் தடுத்து விடும். வாட்ஸ்அப் போல பூட்டு போட்ட தனிப்பட்ட சாட்டுக்குள் இது வேலை செய்யாது. வெட்டி, நிறம் மாற்றி போட்டாலும் தப்பி விடலாம். ஆனாலும் கையைக் கட்டிக் கொண்டு இருப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

கம்பெனிகளுக்கும் நேராக புகார் கொடுக்கலாம். அந்தரங்க படம், மார்பிங் படம் குறித்து பாதிக்கப்பட்டவரே புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அகற்ற நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ல் வந்த மத்திய அரசு விதிகள் கெடு வைத்தன. 2016-ல் சேலம் பெண்ணுக்கு இந்த கெடு இல்லை.

ஒரு எச்சரிக்கை. 18 வயதுக்கு உட்பட்டவரின் ஆபாச படம் என்றால், சாட்சிக்காக என்று கூட டீச்சருக்கோ, தோழிக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. அனுப்புவதே குற்றம். போனை நேரில் கொண்டு போய் போலீசாரிடம் காட்டுவதுதான் சரி.

சட்டம் என்ன சொல்கிறது?

'சைபர் புல்லியிங்' என்ற பெயரில் நம் நாட்டில் தனி சட்டம் கிடையாது. அதனால் தண்டனை இல்லை என்று நினைத்தால் ஏமாந்து போவார்கள்.

இன்னொருவர் போல நடித்து இன்டர்நெட்டில் ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்ப சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில். அந்தரங்க உறுப்புகளை அனுமதி இல்லாமல் படம் எடுத்து வெளியிட்டால் 66இ பிரிவில் 3 ஆண்டு. ஆபாசத்தை பரப்பினால் 67, அப்பட்டமான பாலியல் காட்சி என்றால் 67ஏ. சிறுவர்-சிறுமியர் படம் என்றால் 67பி பிரிவில் முதல் தடவையே 5 ஆண்டு வரை ஜெயில், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லியும் ஆன்-லைனில் பின்தொடர்ந்தால் 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு. நிஜமோ, போலியோ, ஒரு சிறுமியின் ஆபாச படத்தை வெளியிடுவேன் என்று பாலியல் நோக்கத்தில் மிரட்டுவதே போக்சோ குற்றம். படம் வெளியாகும் வரை காத்திருக்க வேண்டியது இல்லை.

'66ஏ-யில் உள்ளே தள்ளிடுவேன்' என்று இன்னும் சிலர் சவடால் விடுகிறார்கள். அந்த பிரிவை சுப்ரீம் கோர்ட்டு 2015 மார்ச் 24-ந் தேதியே ரத்து செய்து விட்டது.

'நான் எடுக்கலை, வந்ததை பார்வர்டுதான் பண்ணேன்' என்பதும் தப்பிக்க உதவாது. பரப்புகிறவனும் குற்றவாளிதான். சென்னையில் பதிவான ஒரு வழக்கில் 2024 செப்டம்பரில் தீர்ப்பு சொன்ன சுப்ரீம் கோர்ட்டு, குழந்தைகளின் ஆபாச படத்தை பரப்பும் எண்ணத்தில் போனில் வைத்திருப்பதே போக்சோ குற்றம் என்று கூறி, ஐகோர்ட்டு அதற்கு மாறாக சொன்னதை ரத்து செய்தது. குரூப்பில் வந்ததை 'சேவ்' செய்து வைத்திருக்கும் வாலிபர்கள் இதை ஒரு தடவை படித்துக் கொள்வது நல்லது.

ஸ்டேஷனுக்கு போனால் பெயர் கெட்டு விடுமா?

குடும்பங்கள் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், போட்டோ, முகவரி, பள்ளிக்கூடம் எதையும் பத்திரிகை, டி.வி.யில் வெளியிட சட்டம் தடை போட்டிருக்கிறது. குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி காக்கி சீருடையில் வரக் கூடாது. வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ வைத்துத்தான் கேட்க வேண்டும். முடிந்தவரை பெண் சப்-இன்ஸ்பெக்டராக இருக்க வேண்டும். ராத்திரி ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது.

உள்ளூர் ஸ்டேஷனில் 'இது சைபர் கிரைம் மேட்டர், அங்கே போங்க' என்று சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. தகவல் தொழில்நுட்ப சட்ட வழக்கை இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்கு குறையாத அதிகாரிதான் விசாரிக்க முடியும். அதற்காக புகாரையே வாங்காமல் அனுப்பக் கூடாது. எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது.

அலைய முடியாதவர்கள் மத்திய அரசின் சைபர் கிரைம் புகார் வெப்சைட்டில் வீட்டில் இருந்தே பதிவு செய்யலாம். 2019-ல் இருந்து இயங்கும் இந்த தளத்தில் பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாச படம் குறித்த புகாரை பெயர் சொல்லாமலும் கொடுக்க முடியும். ஆனால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பின்னால் விசாரிக்க வேண்டும் என்றால் பெயர், நம்பர் கொடுப்பதே உத்தமம்.

ஃபேக் ஐ.டி.யை பிடிக்க முடியுமா என்றால், பல நேரம் முடியும். கம்பெனியிடம் இருந்து அந்த கணக்கு தொடங்கிய போன் நம்பர், இ-மெயில், இன்டர்நெட் முகவரியை போலீசார் கேட்டு வாங்குவார்கள். அந்த முகவரி எந்த சிம்முக்கு, எந்த வீட்டு இணைப்புக்கு போகிறது என்று அடுத்த கட்டம். இதற்கு நாள் பிடிக்கும். கடைசியில் பார்த்தால் தூரத்து ஆள் என்று நினைத்தது அதே பெஞ்சில் உட்காருகிறவனாக இருக்கும்.

புகார் கொடுத்து என்ன ஆகப் போகிறது என்பவர்களுக்கு பொள்ளாச்சி வழக்கு இருக்கிறது. பெண்களை வீடியோ எடுத்து மிரட்டிய கும்பலை பற்றி 2019 பிப்ரவரியில் ஒரு மாணவியின் குடும்பம் துணிந்து புகார் கொடுத்தது. அதற்கு முன் பாதிக்கப்பட்ட பலர் வாய் திறக்க முடியாமல் இருந்தார்கள். 2025 மே 13-ந் தேதி கோவை மகளிர் கோர்ட்டு 9 பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. அவர்கள் எடுத்த வீடியோக்களே அவர்களுக்கு எதிரான சாட்சியானது.

மிரட்டியவன் 18 வயதுக்கு உட்பட்ட மாணவனாக இருந்தால் நேராக ஜெயிலுக்கு அனுப்ப மாட்டார்கள். இளைஞர் நீதிக்குழுமம் விசாரித்து, கவுன்சிலிங் உள்ளிட்ட உத்தரவு போடும். 'ஒரு பையனோட வாழ்க்கை நம்மால கெட்டுடுமே' என்று பாதிக்கப்பட்ட பெண்ணையே சமாதானம் பேச வைக்கும் பெரிய மனிதர்கள் இதை தெரிந்து கொள்ளலாம்.

பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி

நன்றாக படித்த பிள்ளை திடீரென்று மார்க்கில் சரிவது, சாப்பாடு இறங்காதது, போன் சத்தம் கேட்டாலே பதறுவது, பள்ளிக்கு போக மாட்டேன் என்று வயிற்றுவலி சொல்வது, இதெல்லாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். அப்போது 'என்ன பண்ணித் தொலைச்சே?' என்று ஆரம்பித்தால் பிள்ளை வாயை மூடிக் கொள்ளும். 'யார் உன்னை தொந்தரவு பண்றாங்க?' என்று கேட்டால் பேசும். போனை பிடுங்கினால் சாட்சியும் அதோடு போய் விடும். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேரும் சேர்ந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பாதி பயம் அப்போதே விலகும்.

உயிரை விட்டு விடலாம் என்ற எண்ணம் வருகிற அளவுக்கு யாராவது உடைந்து போயிருந்தால் அவரை தனியாக விடக் கூடாது. 14416 என்ற மனநல உதவி எண்ணிலோ, தமிழக அரசின் 104 எண்ணிலோ உடனே பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள். சைபர் கிரைம் உதவிக்கு 1930. பள்ளி சம்பந்தப்பட்ட புகார்களுக்கு கல்வித்துறையின் 14417. பெண்களுக்கு 181. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் 1098-ல் தாங்களே கூப்பிடலாம், பெரியவர் துணை வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ராத்திரி, பகல் எந்த நேரமும் எடுப்பார்கள். கட்டணம் கிடையாது.